புறப்பட மறுக்கும் மோட்டார் சைக்கிள்

பேராதனையிலிருந்து கம்பளை நோக்கிச் செல்லும் ஏ 5 பெருந்தெருவில், மகாவலி கங்கையின் அயலில் அமைந்த சிறு நகரம் கெலிஓயா. கண்டியிலிருந்து மலைநாட்டுக்கு ஏறும் பஸ் வண்டிகள் அதனூடாகவே செல்கின்றன. புகையிரத நிலையமும் அங்கு உண்டு. ஆயினும், பெருந்தெருவை விட்டு ஒன்றிரண்டு கட்டை உள்ளே சென்றால் நிலைமை வேறாகும். மேட்டிலும் பள்ளத்திலும் வளைந்து ஏறும் ஒடுங்கிய பாதைகள். குறித்த நேரத்துக்கு மட்டும் வந்துபோகும் பஸ். அதற்கப்பால் நடையே துணை. இத்தகைய ஊர்களில் மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருளன்று. அது குடும்பத்தின் காலாகும். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும், கடைக்குச் சரக்குக் கொணர்வதும், தொழிலுக்குச் செல்வதும், நோயுற்றவருக்கு இரவில் மருந்து வாங்கி வருவதும் அதனாலேயே நடைபெறுகின்றன.

அவ்வண்டி ஒரு மழைக்கால விடியற்காலையில் புறப்பட மறுத்துவிடுகின்றது என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரர் செய்வது யாது? பத்து நிமிடம் ஸ்டாட் பொத்தானை விடாமல் அழுத்துகின்றார். பின்னர், பக்கத்து வீட்டாரை அழைத்து, இறக்கத்தில் தள்ளிப் பார்க்கின்றார். அதற்கும் மசியாதபோது பிளக்கைக் கழற்றித் துடைக்கின்றார். இறுதியில் யாரோ ஒருவர் சொன்ன சொல்லை நம்பி ஒரு புதிய பாகத்தை வாங்கி மாட்டுகின்றார். அப்பாகம் பழுதானதா என்று எவரும் சோதிக்கவில்லை. வண்டி அப்போதும் புறப்படவில்லையெனில், அன்றைய கூலியோடு பாகத்தின் விலையும் போயிற்று.

பழைய வண்டிகளில் பழகிய கைகளுக்கு இம்முறைகள் பல ஆண்டுகளாகப் பயன்பட்டன என்பது உண்மையே. ஆனால் இன்று பெருகிவரும் எரிபொருள் உட்செலுத்தும் மோட்டார் சைக்கிள்களின் இயல்பு வேறு. அவற்றுக்குக் கைவலிமையைக் காட்டிலும் கண்ணும் காதும் கூடுதலாக வேண்டும். நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்க்குமுன் பரிகாரி மருந்து அரைப்பதில்லை. அவ்வொழுங்கே இங்கும் வேண்டும்.

முதலில், மாறியது எது என்பதைத் தெளிந்துகொள்ளல் நன்று. பழைய எஞ்சினில் பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் வேலையைக் காபரேட்டர் என்னும் சிறு கருவி செய்தது. எஞ்சின் காற்றை உறிஞ்சும்பொழுது, அக்காற்று ஓர் ஒடுங்கிய கழுத்தினூடாக விரைந்து செல்லும்; அங்கே அழுத்தம் குறையும்; குறைந்த இடத்தை நோக்கிப் பெற்றோல் தானே மேலெழுந்து காற்றோடு கலக்கும். இதில் மின்சாரத்துக்கு வேலையில்லை. தாங்கி உயரத்தில் இருந்ததால் பெற்றோல் தன் நிறையினாலேயே கீழிறங்கி வந்தது.

எரிபொருள் உட்செலுத்தும் எஞ்சினிலோ, தாங்கிக்குள்ளேயே ஒரு மின்பம்பி அமர்ந்திருக்கின்றது. அது பெற்றோலை வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு அழுத்தத்தில் ஒரு குழாய் வழியே தள்ளுகின்றது. குழாயின் முடிவில் இன்ஜெக்டர் எனப்படும் தெளிகுழல் இருக்கின்றது. தேயிலைச் செடிகளுக்கு மருந்து தெளிப்பவர் தம் கைப்பிடியை அழுத்தும் கணத்தில் மட்டும் மருந்து புகைபோல் வெளிவருவதைப் பலரும் கண்டிருப்பர். இன்ஜெக்டரும் அவ்வாறே திறந்து மூடுகின்றது. வேறுபாடு என்னவெனில், அது திறந்திருப்பது ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒருசில பங்கு நேரமேயாகும். நிமிடத்துக்கு 1,500 தடவை சுழன்றுகொண்டு நிற்கும் ஒற்றை உருளை நான்கடிப்பு எஞ்சினில், இன்ஜெக்டர் நிமிடத்துக்கு 750 தடவை இவ்வாறு திறந்து மூட வேண்டும்.

எப்போது திறப்பது, எவ்வளவு நேரம் திறப்பது என்பதைத் தீர்மானிப்பது ஒரு மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி. கராஜ்களில் இதனை ஈ.சி.யூ. என்பர். எஞ்சின் எவ்வளவு சூடாக உள்ளது, உள்வரும் காற்றின் அழுத்தம் என்ன, ஓட்டுநர் எக்சிலேட்டரை எவ்வளவு முறுக்கினார், எஞ்சினின் கிராங்குத் தண்டு இப்பொழுது எந்நிலையில் நிற்கின்றது என்பவற்றை உணரிகள் அப்பெட்டிக்கு இடையறாது அறிவிக்கின்றன. இவ்வுணரிகளையே மெக்கானிக்குகள் சென்சர் என்று அழைக்கின்றனர்.

இதனால் விளைந்த நன்மை மலைநாட்டாருக்கு எளிதில் விளங்கும். கெலிஓயா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. அதே ஏ 5 தெருவில் கம்பளை, புசல்லாவை, இறம்பொடை என ஏறிச் சென்றால் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியா வரும். அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்களவே. தாழ்நிலத்துக்கெனச் சரிசெய்யப்பட்ட காபரேட்டர் அம்மெல்லிய காற்றோடும் அதிக பெற்றோலையே கலந்து, வண்டியை மூச்சுத் திணறச் செய்யும். உட்செலுத்தும் எஞ்சின், காற்று மெலிந்ததை உணரியால் அறிந்து, பெற்றோலைத் தானே குறைத்துக்கொள்ளும். குளிர்காலையில் இழுத்துவிடும் சோக் என்னும் நெம்புகோலும் இதற்கு வேண்டுவதில்லை.

இம்முறை உலகுக்கு முற்றிலும் புதியதன்று. 1980ஆம் ஆண்டில் ஜப்பானின் கவாசாக்கி நிறுவனம் இதனைத் தன் பெரிய மோட்டார் சைக்கிள் ஒன்றில் அமைத்தது. 2006இல் இந்தியாவில் ஹீரோ ஹொண்டா நிறுவனத்தின் கிளாமர் என்னும் சிறு வண்டியில் அது வந்தது. 2020 ஏப்ரல் 1ஆம் திகதி இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் ஆறு எனப்படும் புகைக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தபோது, அங்கே விற்பனையாகும் மோட்டார் சைக்கிள்களில் மிகப் பெரும்பாலானவை இம்முறைக்கு மாறின. இலங்கையில் ஓடும் வண்டிகளுள் பெருந்தொகையானவை இந்தியத் தயாரிப்புகள் ஆகையால், அம்மாற்றம் இங்கும் வந்து சேருவது இயல்பே. 2020இல் இலங்கை நிறுத்திவைத்த வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. ஆகவே, காபரேட்டர் வண்டியும் உட்செலுத்தும் வண்டியும் ஒரே முற்றத்தில் அருகருகே நிற்கும் காலம் இது. ஒன்றன் வைத்தியத்தை மற்றதற்குச் செய்வதாலேயே பல தொல்லைகள் பிறக்கின்றன.

எந்த எஞ்சினுக்கும் காற்று, பெற்றோல், உரிய நேரத்தில் ஒரு தீப்பொறி ஆகிய மூன்றும் வேண்டும். உட்செலுத்தும் எஞ்சினுக்கு இம்மூன்றுக்கும் முன்னே நான்காவது ஒன்று வேண்டும். அதுவே மின்சாரம். பம்பி சுழல மின்சாரம் வேண்டும்; இன்ஜெக்டர் திறக்க மின்சாரம் வேண்டும்; கணக்கிடும் பெட்டி விழித்திருக்கவும் மின்சாரமே வேண்டும். எனவே இவ்வண்டி புறப்படாதபோது முதலில் நாட வேண்டியது பிளக்கையோ பெற்றோலையோ அன்று; மின்சாரத்தையேயாகும். இந்த ஒரு வரிசையை மனத்தில் இருத்திக்கொண்டால் பாதித் தொல்லை தீர்ந்தது எனலாம்.

செலவில்லாத சோதனைகளிலிருந்து தொடங்குதல் முறை. கைப்பிடியின் வலப்புறத்தில் எஞ்சினை நிறுத்தும் சிவப்பு ஆளி ஒன்று பல வண்டிகளில் உண்டு. பிள்ளைகள் விளையாட்டாக அதனை அமர்த்திவிட்டுப் போயிருக்கலாம். பக்கத்துத் தாங்குகால் கீழே இறங்கியிருந்தால் சில வண்டிகள் புறப்படா. வேறு சில, கிளச்சைப் பிடித்தாலன்றி அல்லது கியரை நடுநிலையில் வைத்தாலன்றிச் சுழலவே மாட்டா. இவை பழுதுகள் அல்ல; ஓட்டுநரின் பாதுகாப்புக்காக வைக்கப்பட்ட தடைகள்.

இவ்வினத்தைச் சேர்ந்த இன்னொரு தடையைப் பலர் அறியார். வண்டி சரிந்து விழுந்தால், எஞ்சினை நிறுத்திப் பெற்றோல் பம்பியையும் அடக்கிவிடும் சரிவு உணரி ஒன்று பல வண்டிகளில் உண்டு. தீப்பிடித்தலைத் தடுக்கவே அது வைக்கப்பட்டது. மழையில் வழுக்கும் செங்குத்துப் பாதையில் வண்டி சரிந்தது, தூக்கி நிறுத்தினார், ஆனால் எவ்வளவு அழுத்தியும் எஞ்சின் உயிர்பெறவில்லை. இத்தகைய வேளையில் சாவியை முற்றாக அணைத்து, சில செக்கன்கள் பொறுத்து, மீண்டும் திருப்பினாற் போதும். பெட்டி தன் பூட்டைத் தானே நீக்கிக்கொள்ளும். விழுந்த இடத்தில் பெற்றோல் ஒழுகவில்லை என்பதை மட்டும் முன்னர் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

இனி, கண்ணுக்கும் காதுக்கும் உரிய சோதனை. சுற்றுப்புறம் அமைதியாக இருக்கையில் சாவியைத் திருப்ப வேண்டும். ஸ்டாட் பொத்தானைத் தொடலாகாது. மானிப் பலகையில் எஞ்சின் உருவம் பொறித்த மஞ்சள் விளக்கு எரிய வேண்டும். அதே கணத்தில் தாங்கிக்குள்ளிருந்து வண்டின் ரீங்காரம் போன்ற ஓர் ஒலி இரண்டு மூன்று செக்கன்கள் கேட்டு ஓய வேண்டும். குழாயில் அழுத்தத்தை நிரப்பப் பம்பி எழுப்பும் ஒலியே அது. இந்த மூன்று செக்கன்களில் வண்டி தன் நோயைப் பெரும்பாலும் சொல்லிவிடுகின்றது.

விளக்கும் எரியவில்லை, ஒலியும் இல்லையெனில், மின்சாரம் வாயிலையே தாண்டவில்லை. பற்றரி, அதன் முனைகள், பியூஸ் என்னும் உருகி, சாவி ஆளி ஆகியவற்றுள் ஒன்றில் குறை இருக்கலாம். விளக்கு எரிகின்றது, ஆனால் ஒலி இல்லையெனில், சிவப்பு ஆளி, பம்பிக்குரிய உருகி, அதன் ரிலே, பம்பிக்குச் செல்லும் வயர், அல்லது பம்பி ஆகியவற்றை முறையே பார்க்க வேண்டும். விளக்கும் ஒலியும் சரி, பொத்தானை அழுத்தினால் 'டிக், டிக்' என்ற ஓசை மட்டும் வருகின்றது, விளக்குகள் மங்குகின்றன எனில், பற்றரி வலுவிழந்துள்ளது. எல்லாம் சரியாக இருந்து, எஞ்சினும் வலுவாகச் சுழன்று, தீ மட்டும் பற்றவில்லையெனில், அப்பொழுதே பிளக், பெற்றோல், கிராங்கு உணரி ஆகியவற்றின் முறை வருகின்றது.

பற்றரியைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூறுதல் தகும். மோட்டார் சைக்கிளின் பற்றரி காரினதைப்போல் பெரிதன்று. முழுதும் மின்னேறிய ஈயப் பற்றரி, ஓய்ந்திருக்கும் நிலையில் 12.6 வோல்ற்று அல்லது சற்று மேலே காட்டும். 12 வோல்ற்றுக்கு இறங்கிவிட்டால், அது ஏறத்தாழ வெறுமையாயிற்று என்று கொள்ளலாம். ஆயினும் ஓய்விலிருக்கும்போது பார்த்த அளவை மட்டும் நம்புதல் கூடாது. பாரம் ஏற்றினாலன்றி முதுகின் வலு தெரியாதன்றோ? ஸ்டாட் பொத்தானை அழுத்தும் அக்கணத்தில் மானியைப் பார்க்க வேண்டும். அளவு 10 வோல்ற்றுக்கும் மிகக் கீழே விழுமாயின், விளக்குகளை எரிக்கப் போதிய பற்றரி, கட்டுப்பாட்டுப் பெட்டியை விழித்திருக்கச் செய்யப் போதாது. எஞ்சின் சுழலும், பெட்டி மயங்கிவிடும், தீப்பொறி பிறவாது. வீட்டுக்காரரோ, "எஞ்சின் சுற்றுகிறதே, பற்றரி நல்லதுதான்" என்று எண்ணி வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பார்.

இறக்கத்தில் தள்ளிப் புறப்படச் செய்யும் பழக்கம் மலைநாட்டில் எங்கும் உண்டு. பற்றரியில் சிறிது உயிர் எஞ்சியிருந்தால் இவ்வண்டியும் அதற்கு இணங்கலாம். முற்றாக வெறுமையான பற்றரியுடன் தள்ளினாலோ, பெரும்பாலும் பயனில்லை. பம்பியே சுழலாதபோது பெற்றோல் எங்ஙனம் வரும்? வெறும் பற்றரியோடும் கிக் உதைத்துப் புறப்படுமாறு சில வண்டிகள் ஆக்கப்பட்டுள்ளன. எல்லா வண்டிகளும் அத்தகையன அல்ல. ஈரமான செங்குத்துப் பாதையில், எஞ்சின் ஓடாத வண்டியில் ஏறி உருட்டிக்கொண்டு இறங்குதல் ஆபத்து என்பதையும் மறத்தலாகாது.

இன்னோர் எச்சரிக்கை. ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினிலிருந்து பற்றரியைக் கழற்றிப் பார்ப்பது பழைய கராஜ் வித்தை. உட்செலுத்தும் வண்டியில் அவ்வாறு செய்தால் மின்னழுத்தம் திடீரென உயர்ந்து கட்டுப்பாட்டுப் பெட்டியைச் சுட்டுவிடக்கூடும். எஞ்சின் ஓடும்போது பற்றரி முனைகளில் 13.5 முதல் 14.5 வோல்ற்று வரை தெரிந்தால் மின்னேற்றம் நன்றாக நடைபெறுகின்றது. இதைத் தெரிந்துகொள்ள மானியே போதும்.

உருகி எரிந்திருந்தால் அதே அளவுடைய உருகியையே இட வேண்டும். சிகரெட் தாளையோ செப்புக் கம்பியையோ சுற்றிவைத்தல் வீட்டுக் கூரையில் நெருப்பை வைப்பதற்கு ஒப்பாகும். புதிய உருகியும் உடனே எரிந்தால், எங்கோ வயர் உரசி உடலோடு தொட்டுக்கொண்டிருக்கின்றது. அதைத் தேடுவதே வேலை. மூன்றாவது உருகியை இடுவதன்று. கொட்டிலில் நிற்கும் வண்டியின் வயரை எலி கடித்தலும் அரிதன்று. ஈரக்காற்று மிகுந்த இப்பகுதியில், வயர்கள் ஒன்றோடொன்று சேரும் இணைப்பிகளில் பச்சைக் களிம்பு படிந்து மின்னோட்டத்தை மறித்தலும் உண்டு. சாவியை அணைத்து, பற்றரியின் எதிர்முனையைக் கழற்றிய பின்னரே அவ்விணைப்பிகளைப் பிரித்துத் துடைத்து உலர்த்தி மீண்டும் பொருத்த வேண்டும். ஒரு சதமும் செலவில்லாத இவ்வேலையால் எழுந்த வண்டிகள் பல.

அடுத்து, பெற்றோல். மானியின் முள்ளை மட்டும் நம்பாமல் தாங்கியின் மூடியைத் திறந்து பார்த்தல் நன்று. செங்குத்தான இடத்தில் சாய்த்து நிறுத்திய வண்டியில், எஞ்சியுள்ள சிறிதளவு பெற்றோல் ஒருபுறம் ஒதுங்கி, பம்பிக்கு எட்டாமற் போகலாம். எப்பொழுதும் அடிமட்டத்திலேயே பெற்றோலை வைத்து ஓடுவதும் தீது. தாங்கியிலுள்ள பெற்றோலே பம்பியைக் குளிர்விக்கின்றது. அது குறைந்தால் பம்பி சூடேறி விரைவில் தேயும். அடியிலுள்ள மண்டியும் வடிகட்டிக்கு வந்து சேரும்.

மழை நாட்டில் இதனோடு தண்ணீரும் சேர்கின்றது. தாங்கி மூடியைச் சுற்றியுள்ள சிறு வடிகாற் துளை அழுக்கினால் அடைபட்டால், அங்கே தேங்கும் மழைநீர் மெல்ல உள்ளே கசியும். நீர் பெற்றோலிலும் பாரமானது. ஆகையால் அடியில் போய்த் தங்கும். பம்பி உறிஞ்சுவதும் அடியிலிருந்தே. காபரேட்டரில் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி அந்நீரை வடித்துவிட முடிந்தது. இங்கே அவ்வசதியில்லை; தாங்கியையே வெறுமையாக்கித் துடைக்க வேண்டும். ஆதலின் வடிகாற் துளையை ஒரு மெல்லிய நைலோன் நூலால் அவ்வப்போது துப்புரவாக்கி வைப்பதே அறிவுடைமை.

2022இல் நாடெங்கும் பெற்றோல் அருகியபோது, ஜூலை மாதத்தில் தொடங்கிய கியூ.ஆர். பங்கீட்டு முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றரே முதலில் கிடைத்தது. வரிசையில் நின்று பெற்றதைப் போத்தல்களிலும் கலன்களிலும் சேமித்தோர் பலர். அப்பங்கீடு 2023 செப்டெம்பரில் நீங்கிவிட்ட போதிலும், சேமிக்கும் பழக்கம் சில வீடுகளில் எஞ்சியுள்ளது. பெற்றோல் பல மாதம் கிடந்தால் அதன் இலேசான பகுதி ஆவியாகிப் போகும். எஞ்சியது பிசின்போல் தடித்து இன்ஜெக்டரின் நுண்துளைகளை அடைக்கும். பல மாதம் ஓடாமல் நின்ற வண்டி புறப்படாவிட்டால், முதலில் பழைய பெற்றோலை நீக்கிப் புதியதை இட்டுப் பார்க்க வேண்டும். ஒக்டேன் 92க்குப் பதிலாக 95 இட்டால் வண்டி எழும் என்பது வீண் நம்பிக்கை. அவ்வெண் எரியும்போது தட்டோசை எழாமல் தாங்கும் தன்மையைக் குறிப்பதன்றி, தீப்பற்றும் திறமையைக் குறிப்பதன்று.

பெற்றோல் வருகின்றதா என்று பார்க்கக் குழாயைக் கழற்றும் பழைய முறை இங்கே கொடிய ஆபத்துடையது. மூன்று மடங்கு அழுத்தத்தில் நிற்கும் பெற்றோல், சூடான எஞ்சின்மீது தாரையாகப் பாயும். ஒரு பொறி போதும். இவ்வேலையை அழுத்தமானி உடைய கராஜுக்கே விட்டுவிடுதல் வேண்டும்.

வீட்டில் செய்யத்தக்க சோதனை பிளக்கைக் கழற்றிப் பார்த்தலாகும். எஞ்சினைச் சிறிது நேரம் சுழற்றிய பின் எடுத்த பிளக் உலர்ந்திருந்தால் பெற்றோல் வந்து சேரவில்லை. நனைந்திருந்தால் பெற்றோல் வருகின்றது; தீப்பொறிதான் இல்லை, அல்லது பெற்றோல் மிகுந்து மூழ்கியுள்ளது. மூழ்கிய எஞ்சினுக்குப் பல வண்டிகளில் எளிய பரிகாரம் உண்டு. எக்சிலேட்டரை முழுவதும் திறந்து பிடித்துக்கொண்டு ஐந்து செக்கன்கள் மட்டும் பொத்தானை அழுத்தினால், மிகுந்த பெற்றோல் காற்றோடு வெளியேறும். மற்ற வேளைகளில் எக்சிலேட்டரைத் தொடாமலே புறப்படச் செய்ய வேண்டும். முறுக்கி முறுக்கி அழுத்துவது காபரேட்டர் காலத்துப் பழக்கம். ஒரே மூச்சில் ஐந்து செக்கன்களுக்கு மேல் பொத்தானை அழுத்துவது பற்றரியையும் ஸ்டாட்டர் மோட்டாரையும் கெடுக்கும். இடையே பத்துச் செக்கன்களாவது ஓய்வு கொடுத்தல் வேண்டும்.

இவ்வளவுக்கும் பின், மஞ்சள் விளக்கின் மொழியைக் கேட்க வேண்டும். பல வண்டிகளில் அது விட்டுவிட்டு மின்னித் தன் குறையை எண்ணால் அறிவிக்கும். ஹொண்டா வண்டிகளில் நீண்ட மின்னல் பத்தையும் குறுகிய மின்னல் ஒன்றையும் குறிக்கும். ஏழு குறுமின்னல் எஞ்சினின் வெப்ப உணரியையும், எட்டு எக்சிலேட்டர் நிலை உணரியையும், ஒரு நெடுமின்னலும் இரண்டு குறுமின்னலும் சேர்ந்த பன்னிரண்டு இன்ஜெக்டரையும் சுட்டும். பிற நிறுவனங்களின் எண்கள் வேறு; ஆகவே வண்டியோடு வந்த கைந்நூலைப் பேண வேண்டும். ஆனால் ஒன்றை நன்கு உணர்தல் அவசியம். அவ்வெண் குறை இருக்கும் தெருவைக் காட்டுமேயன்றி, வீட்டைக் காட்டாது. வெப்ப உணரியைச் சுட்டும் எண் வந்தால், உணரி கெட்டிருக்கலாம். அதற்குச் செல்லும் வயர் அறுந்திருக்கலாம். இணைப்பி கழன்றும் இருக்கலாம். விலையுயர்ந்த பாகத்தை வாங்குமுன் வயரையும் இணைப்பியையும் சோதிக்குமாறு கேட்பது உரிமையாளரின் உரிமை.

இங்கு கூறியவற்றுக்கெல்லாம் ஒரு விலக்கு உண்டு. அது வெள்ளத்தில் மூழ்கிய வண்டி. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி இலங்கையைத் தாக்கியபோது கண்டி மாவட்டம் பெரும் அழிவைக் கண்டது. மகாவலி கரைபுரண்டு தாழ்ந்த இடங்களை மூடிற்று. இத்தகைய வெள்ளம் வடிந்தபின் சேற்றிலிருந்து வண்டியை எடுத்தவுடன் எவருக்கும் எழும் முதல் ஆசை, "ஸ்டாட் ஆகுமா பார்ப்போம்" என்பதே. அவ்வாசையை அடக்குதல் வேண்டும். காற்று அமுங்கும், நீர் அமுங்காது. உருளைக்குள் நீர் நிற்கும்போது பொத்தானை அழுத்தினால், மேலேறும் பிஸ்டன் நீரில் மோதி, அதைத் தாங்கும் இணைப்புத் தண்டு வளைந்துபோகலாம். சில ஆயிரம் ரூபாயில் முடியும் வேலை, எஞ்சினையே பிரித்துக் கட்டும் வேலையாகிவிடும்.

மூழ்கிய வண்டியில் சாவியைத் திருப்பவும் கூடாது. முதலில் பற்றரியைக் கழற்ற வேண்டும். பின்னர் காற்று வடிகட்டிப் பெட்டியைத் திறந்து நீரை வடிக்க வேண்டும். எஞ்சின் எண்ணெய் பாற்றேநீர் நிறமாக மாறியிருந்தால் நீர் உள்ளே புகுந்துள்ளது. அதனை முற்றாக வடித்துப் புதிய எண்ணெய் இட வேண்டும். ஒருமுறை மாற்றியது போதாமல் மீண்டும் மாற்ற நேரலாம். பிளக்கைக் கழற்றி, உருளையிலுள்ள நீர் வெளியேற வழி செய்து, தாங்கியைத் துப்புரவாக்கி, இணைப்பிகளை நன்கு உலர்த்திய பின்னரே மின்சாரத்தைக் கொடுக்க வேண்டும். கட்டுப்பாட்டுப் பெட்டியை அடுப்பருகே வைத்து உலர்த்துதல் ஆகாது. நிழலில் காற்றோட்டமாக வைத்தலே முறை.

வீட்டார் செய்யத்தக்கது எதுவரை, கராஜுக்கு விடவேண்டியது எதிலிருந்து என்ற எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். ஆளிகள், பற்றரி, உருகி, இணைப்பிகள், தாங்கியிலுள்ள பெற்றோல், பிளக் ஆகியவை வீட்டெல்லைக்குள் அடங்கும். பம்பியின் அழுத்தம், இன்ஜெக்டரின் தெளிப்பு, கிராங்கு உணரி, கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகியவை கருவியும் பயிற்சியும் உடையவருக்குரியவை. ஆனால் கராஜுக்குச் செல்பவர் வெறுங்கையோடு செல்ல வேண்டியதில்லை. விளக்கு எரிந்ததா, பம்பி ஒலித்ததா, எஞ்சின் சுழன்றதா, பிளக் நனைந்திருந்ததா, எத்தனை முறை விளக்கு மின்னியது என்னும் ஐந்து செய்திகளை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிச் சென்றால் போதும். மெக்கானிக்குக்கு ஒரு மணி நேரம் மிச்சமாகும். உரிமையாளருக்குப் பணம் மிச்சமாகும். தேவையற்ற பாகங்களை மாற்றும் பேச்சும் எழாது.

புதிய பொறிகள் வந்தபோதெல்லாம், அவை சாதாரண மக்களின் கையை விட்டுப் போய்விட்டன என்ற முறையீடும் உடன் எழுந்துள்ளது. காபரேட்டரைத் தன் கையாலேயே கழற்றிக் கழுவிய ஒருவர், மூடிய கரும்பெட்டியைக் கண்டு மலைத்தல் இயல்பே. ஆனால் அப்பெட்டி ஊமையன்று. பழைய எஞ்சின் தன் குறையை மறைத்து வைத்துத் தேடச் சொன்னது. புதியது விளக்காலும் ஒலியாலும் தானே சொல்ல முயல்கின்றது. கெலிஓயாவின் மேட்டுப் பாதை ஒன்றில் நாளை விடிகையில் ஒரு வண்டி புறப்பட மறுக்குமானால், அதன் உரிமையாளர் பொத்தானில் விரலை வைக்குமுன் மூன்று செக்கன்கள் செவிசாய்க்கட்டும். பதற்றத்தில் இழக்கும் நாட்கூலியைக் காக்க அந்த மூன்று செக்கன்களே பெரும்பாலும் போதுமானவை.